கதைக்காத பிள்ளையின் விரலைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு உங்கள் வாசகர் பக்கத்தில் கல்முனைப் பக்கத்துத் தாய் ஒருவரின் கடிதத்தைப் படித்தேன். மகனுக்கு இரண்டு வயதும் இரண்டு மாதமும் ஆகிறது, நாலைந்து சொல்லுக்கு மேல் கதைக்கிறான் இல்லை, இது வெறும் பேச்சுத் தாமதமா ஓட்டிசமா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டிருந்தார். ஓட்டிசம் (autism) என்பது பிள்ளை மற்றவர்களோடு பழகுகிற, தொடர்புகொள்கிற விதம் வேறுபட்டிருக்கும் ஒரு வளர்ச்சி நிலை. வீட்டிலுள்ள பெரியவர்கள் மூன்று வயதுவரை பொறுக்கச் சொல்கிறார்களாம். எங்கள் வீட்டில் அப்படிப் பொறுக்கச் சொன்ன பெரியவள் நான்தான். அதனால்தான் எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மண்டூரில் இருக்கிறேன். 32 வருடம் ஆரம்பப் பிரிவில் படிப்பித்து ஓய்வு பெற்றவள். எங்கள் பக்கத்து வழக்கப்படி வீடு வளவு பெண்பிள்ளைகளுக்குத்தான். என் இரண்டு மகள்மாரும் ஒரே வளவில் அடுத்தடுத்த வீட்டில் இருக்கிறார்கள். 2020 பங்குனியில், நாடு முழுக்க ஊரடங்கு போட்ட அந்தக் கிழமை, மூத்தவளுக்கு ஒரு மகன் பிறந்தான். நாற்பது நாள் கழித்து இளையவளுக்கும் ஒரு மகன். வீட்டில் பெரியதம்பி, சின்னத்தம்பி என்று கூப்பிடுவோம், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். முப்பத்தோராம் நாளுக்குக்கூட ஆட்கள் வரமுடியாத காலம் அது. இரண்டு பேரும் ஒரே முற்றத்தில், ஒரே பாயில் உருண்டு வளர்ந்தார்கள்.

இரண்டு வயது வந்தது. இரண்டு பேருக்கும் பேச்சில்லை. மகள்மார் இருவரும் பயந்தார்கள், எனக்குப் பயம் வரவில்லை. காரணம் என் மகன். 1988 இல் பிறந்தவன், மூன்று வயது நெருங்கும்வரை ‘ம்’, ‘தா’ இரண்டும்தான் அவனுடைய மொழி. பிறகு ஒரு மாரிக்குள் முழு வசனமாகக் கதைக்கத் தொடங்கினான். இன்று திருகோணமலையில் நல்ல வேலையில் இருக்கிறான். ஆகவே மகள்மாரின் முகம் வாடும்போதெல்லாம், “மாமனைப் போல மெல்லத்தான் கதைப்பான், பயப்படாதே புள்ள” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஊரும் அதைத்தான் சொன்னது. கொரோனாக் காலத்துப் பிள்ளைகள், ஆட்களைக் கண்டு பழகவில்லை என்றார்கள். வசம்பு சுட்டு நாக்கில் தடவச் சொன்னார்கள். நாவூறு கழித்தோம். நாக்கின் அடியில் உள்ள தசையை வெட்டிவிட்டால் கதைப்பான் என்றார் ஒருவர். நல்லகாலம், அதற்கு நாங்கள் போகவில்லை. நாக்கு அடியில் ஒட்டியிருந்தால் சில எழுத்துகளின் உச்சரிப்புத் தடுமாறலாம், அதற்காகப் பிள்ளை சொற்களையே படிக்காமல் விடாது.

இதில் நாங்கள் விட்ட பிழையை விவரமாகச் சொல்லவேண்டும். இருவரில் யாருக்குப் பிரச்சினை என்று யோசித்தபோது எல்லாரும் சின்னத்தம்பியைத்தான் காட்டினோம். கூப்பிட்டால் திரும்பமாட்டான். நினைத்தது நடக்காவிட்டால் நிலத்தில் விழுந்து கத்துவான். பெரியதம்பி அமைதியான பிள்ளை. திண்ணையில் புளியங்கொட்டைகளை ஒரே வரிசையாக அடுக்கிக்கொண்டு ஒரு மணித்தியாலம் இருப்பான். ரின்பால் மூடியைச் சுழலவிட்டுக் குனிந்து பக்கவாட்டில் பார்ப்பான். கைபேசியில் பார்த்த ஆங்கில எழுத்துகளை ஏ முதல் இசட் வரை சொல்லுவான், நிறங்களின் பெயர் சொல்லுவான். “இவன் கெட்டிக்காரன், கணக்குப் படிக்கப் போறான்” என்று நானே பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறேன். ஆனால் தாகம் எடுத்தால் தண்ணி என்று கேட்கத் தெரியாது. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் பிரிட்ஜ் கைபிடியில் வைப்பான். வைக்கும்போது என் முகத்தைப் பார்க்கமாட்டான். கதவு திறக்கிற ஒரு சாமானைப் போலத்தான் என் கை அவனுக்கு. ஒரு வயதும் இரண்டு மாதமும் ஆனபோது ‘பூ’, ‘பால்’, ‘மாமா’ என்று சொன்னவன், ஒன்றரை வயதில் அந்த மூன்றையும் விட்டுவிட்டான். பல் முளைக்கிற நேரம், அதுதான் என்று நினைத்தோம்.

பின்னேரம் பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் பாண் ஆட்டோ மூன்று ஒழுங்கைக்கு அப்பால் வரும்போதே பெரியதம்பி படலைக்கு ஓடிவிடுவான். அதே பிள்ளையைப் பின்னால் நின்று பத்துத் தரம் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பமாட்டான். காது நன்றாகக் கேட்கிறது, விளையாட்டுக் கவனத்தில் இருக்கிறான் என்று விட்டுவிட்டோம். சின்னத்தம்பிக்கோ அந்த ஆட்டோ கண்ணுக்குத் தெரிந்தால்தான் வந்தது தெரியும்.

சரி, முதலில் சின்னத்தம்பியைத்தான் மட்டக்களப்புக்குக் கொண்டுபோனோம். மண்டூரிலிருந்து பாதையில் (வாவியைக் கடக்கும் மிதவைப் படகு) ஏறிக் குருமண்வெளிக்கு வந்து, அங்கிருந்து பஸ். காது மூக்கு தொண்டை வைத்தியர் பார்த்தார், செவிப் பரிசோதனை செய்தார்கள். அடிக்கடி தடிமன் வந்து இரண்டு காதிலும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டியிருந்தது. முழுச் செவிடு இல்லை. தலையணையால் காதைப் பொத்திக்கொண்டு கேட்பது போல அவனுக்குக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. பிறந்தபோது நன்றாகக் கேட்ட காதுக்கும் பிறகு இப்படி ஆகலாம் என்றார் வைத்தியர். மூன்று மாதம் பார்த்தார்கள், நீர் வற்றவில்லை. சின்னக் குழாய் வைத்தார்கள். அடுத்த தைப்பொங்கலுக்கு அவன் “அம்மம்மா, பால் பொங்குது” என்றான்.

அந்தச் சந்தோசத்தில் பெரியதம்பியை நாங்கள் முழுதாக மறந்துவிட்டோம். தம்பியைப் போல இவனும் கதைத்துவிடுவான் என்று இருந்தோம். மூத்தவள் மனம் கேட்காமல் ஒரு தனியார் வைத்தியரிடம் காட்டினாள். அவர் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, ஆண்பிள்ளைதானே, மூன்று வயதாகட்டும் என்றார். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

பிழை இருக்கிறது என்று கண்டுபிடித்தவர் எங்கள் ஊர்க் குடும்பநல உத்தியோகத்தர் (மருத்துவமாது). அவர் என்னிடம் தரம் 3 இல் படித்த பிள்ளை. கிளினிக் கொப்பியைப் பார்க்க வீட்டுக்கு வந்தவர் திண்ணையில் இருந்து இரண்டு பேரையும் கனநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: “ரீச்சர், கோபிக்காதீங்க. பெரியதம்பி உங்களுக்கு எதையாவது காட்டினவனா?”

“காட்டுவானே, பிரிட்ஜுக்குக் கூட்டிக்கொண்டு போவான்.”

“அது தனக்கு வேண்டியதைக் கேட்கிறது ரீச்சர். ஒண்டும் வேணாம், சும்மா ‘அங்க பாருங்க அம்மம்மா’ எண்டு விரலை நீட்டி, நீங்க பார்க்கிறீங்களா எண்டு உங்கட முகத்தைத் திரும்பிப் பார்த்தவனா?”

நான் யோசித்துப் பார்த்தேன். மூன்று வருடத்துக்குக் கிட்ட ஆகியும் அப்படி ஒரு தரம்கூட எனக்கு நினைவில் வரவில்லை. அன்று காலையில்தான் சின்னத்தம்பி வேலிக்கட்டையில் இருந்த மீன்கொத்தியைப் பார்த்துவிட்டு, காது சரியாகக் கேட்காத காலத்தில் செய்தது போலவே, என் தாடையைப் பிடித்துத் திருப்பி, விரல் நீட்டி, ‘ஆ! ஆ!’ என்று காட்டியிருந்தான். அவன் பேச்சில்லாமல் இருந்த அந்த இரண்டு வருடமும் ஓயாமல் எங்களுடன் கதைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான். நிலவைக் காட்டினான். கோழிக்குஞ்சைக் காட்டினான். வெறும் கோப்பையை என் வாயில் வைத்து ‘ஸ்ஸ்’ என்று தேத்தண்ணி குடிப்பாட்டினான். கட்டாரில் இருக்கிற பெரியப்பா வீடியோவில் வந்தால் கைபேசிக்கு முத்தம் கொடுத்தான். பெரியதம்பியின் சொந்த அப்பா அவர். பெரியதம்பி அந்தத் திரையில் தகப்பனின் முகத்தை விட்டுவிட்டு மூலையில் உள்ள சிவப்புப் பொத்தானைத்தான் பார்ப்பான்.

அன்றிரவு என் மகனின் சின்ன வயதையும் நினைத்துப் பார்த்தேன். கதைக்காத காலத்தில் அவன் ஓலைப்பாயைப் பாதையாக்கி, தடியை ஊன்றி, எங்களை எல்லாம் ஏற்றிக் குருமண்வெளிக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, கையை நீட்டிக் காசு கேட்பான். “அப்பாட செருப்பை எடுத்து வா” என்றால் எடுத்து வருவான். மாமனைப் போல என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது சின்னத்தம்பிக்குப் பொருந்தியது. பெரியதம்பிக்குப் பொருந்தவே இல்லை. இருவருக்கும் பேச்சில்லை என்ற ஒன்றையே பிடித்துக்கொண்டு, மற்ற எதையும் நான் பார்க்கவில்லை.

பிறகு பிள்ளை வைத்தியநிபுணரிடம் போனோம். அவர் 20 கேள்விகள் உள்ள ஒரு தாளைத் தந்தார். 16 மாதம் முதல் 30 மாதம் வரையான பிள்ளைகளுக்காக உலகம் முழுவதும் பயன்படுத்தும் கேள்விகள் அவை, பெரியதம்பி அந்த வயதைக் கடந்திருந்தான். நீங்கள் ஒரு பொருளைச் சுட்டினால் பிள்ளை அங்கே பார்க்கிறதா, விரல் நீட்டிக் காட்டுகிறதா, பாவனை விளையாட்டு விளையாடுகிறதா, பெயர் சொன்னால் திரும்புகிறதா, நீங்கள் செய்வதைப் பார்த்துச் செய்கிறதா, இப்படிப் போகும். சொல் எத்தனை என்று அதில் ஒரு கேள்வியும் இல்லை. எனக்கு அதுதான் முதலில் அதிர்ச்சியாக இருந்தது.

அந்தத் தாய்க்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். ஓட்டிசம் இல்லாமல் பேச்சு மட்டும் பிந்துகிற பிள்ளைக்கு வாய்தான் பிந்தும். சொல்ல வேண்டியதைக் கையும் கண்ணும் உடம்பும் சொல்லும். 15 மாதமளவில் வேண்டியதை விரலால் சுட்டிக் கேட்கும், 18 மாதமளவில் பார்த்த புதினத்தை உங்களுக்குச் சுட்டிக்காட்டும். நீங்கள் சிரித்தால் தானும் சிரிக்கும், அழுதால் வந்து முகத்தைப் பார்க்கும். ஓட்டிசத்தில் பின்தங்குவது பேச்சு மட்டுமல்ல. ஒரு சந்தோசத்தை, ஒரு பயத்தை இன்னொருவரோடு பங்குபோட்டுக்கொள்கிற அந்தப் போக்குவரத்தே குறைவாக இருக்கும். அத்தோடு ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது, சின்ன மாற்றத்தையும் தாங்கமுடியாமல் போவது, மிக்சிச் சத்தத்துக்குக் காதைப் பொத்துவது போன்றவையும் சேர்ந்திருக்கும். சொன்னதையே கிளி போலத் திருப்பிச் சொல்வதும் உண்டு. “சோறு வேணுமா?” என்று கேட்டால் பெரியதம்பி இன்றும் “சோறு வேணுமா” என்றுதான் சொல்லுவான். அது அவன் ‘ஓம்’ சொல்கிற விதம்.

ஆனால் இதை வைத்து வீட்டிலேயே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். பெயர் சொல்லித் திரும்பாதது எங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கும் இருந்தது, காரணம் வேறு வேறு. பொருட்களை வரிசையாக அடுக்காத பிள்ளை எங்கே இருக்கிறது? ஓட்டிசம் உள்ள பிள்ளை முகமே பார்க்காது, கட்டிப்பிடிக்காது என்பதும் பிழை. பெரியதம்பிக்கு என் மடியில்தான் நித்திரை வரும். செவிக்குறைவும் ஓட்டிசமும் ஒரே பிள்ளைக்குச் சேர்ந்தும் இருக்கலாம். ஆகவே கதைக்கப் பிந்துகிற எந்தப் பிள்ளைக்கும், உங்களுக்கு எவ்வளவு நன்றாகக் கேட்கிறது என்று தோன்றினாலும், செவிப் பரிசோதனை கட்டாயம். ஓட்டிசத்துக்கு இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. அனுபவமுள்ளவர்கள் பிள்ளையோடு இருந்து பார்த்து, தாயிடம் விவரமாகக் கேட்டுத்தான் சொல்லுவார்கள். அப்படிப்பட்டவர்களால் இரண்டு வயதிலேயே சொல்லமுடியும். கேள்வித்தாள் சந்தேகத்தைச் சொல்லும், முடிவைச் சொல்லாது. அதில் தப்பிப்போகிற பிள்ளைகளும் உண்டு.

பெண்பிள்ளைகளையும் மறக்கவேண்டாம். ஆண்பிள்ளைகளில்தான் ஓட்டிசம் அதிகமாகக் கண்டுபிடிக்கப்படுகிறது, மூன்று நாலு மடங்கு. அதனாலேயே ஒதுங்கி இருக்கிற பெண்பிள்ளையை அடக்கமான பிள்ளை என்று மெச்சிவிட்டுப் போய்விடுகிறோம்.

இது எங்கோ வெளிநாட்டு வருத்தம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பேராசிரியர் ஹேமமாலி பெரேரா குழுவினர் 2009 இல் வெளியிட்ட ஆய்வு, நம் நாட்டில் 18 முதல் 24 மாதமான பிள்ளைகளைப் பார்த்துச் செய்தது. 93 பிள்ளைக்கு ஒரு பிள்ளை என்று கண்டார்கள். நான் படிப்பித்த 32 வருடத்தில் எத்தனை நூறு பிள்ளைகள் என் வகுப்பில் இருந்திருப்பார்கள்! தொண்ணூறுகளில் தரம் 1 இல் ஒரு பொடியன் இருந்தான். கதவின் கொண்டியைப் போட்டுத் திறந்து, போட்டுத் திறந்து நிற்பான். யாரோடும் சேரமாட்டான். மந்தம் என்றோம். ஒரு தவணையோடு பள்ளிக்கு வருவதை விட்டுவிட்டான். அவன் பெயர் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

தெரியவந்த பிறகு வீட்டுக்குள் நடந்ததையும் எழுதவேண்டும், ஏனென்றால் அந்தத் தாய்க்கும் இது வரலாம். குற்றம் முழுக்க மூத்த மகளின் தலையில் விழுந்தது. பிள்ளையைக் கைபேசியோடு விட்டாய் என்றார்கள். புருசன் வெளிநாட்டில், நீ கவனிக்கவில்லை என்றார்கள். வளர்ப்பினால் ஓட்டிசம் வருவதில்லை, அது பெரும்பாலும் பரம்பரைக் கூறுகளோடு, பிறக்கும் முன்பே மூளை வளர்கிற விதத்தோடு தொடர்புள்ளது. கைபேசியைக் குறைக்கத்தான் வேண்டும். இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் திரை வேண்டாம், ஒரு வயதில் அறவே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019 இல் சொல்லியிருக்கிறது. பிள்ளையோடு கதைக்கவேண்டிய நேரத்தைத் திரை தின்றுவிடுகிறது என்பது உண்மை. அதற்காகக் கைபேசிதான் ஓட்டிசத்தைக் கொண்டுவந்தது என்று ஒரு தாயை அழவைப்பது அநியாயம். நானும் ஒருநாள் அவளிடம் அப்படிச் சொல்லிவிட்டேன். அதற்காக அவளிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்.

இன்னொருவர் தடுப்பூசியால் வந்தது என்றார். சின்னத்தம்பிக்கு மூன்று வயதில் போடவேண்டிய எம்.எம்.ஆர் ஊசியை (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா தடுப்பூசி) போடவேண்டாம் என்று இளையவளைக் குழப்பிவிட்டார்கள். அந்தக் கதை 1998 இல் லண்டனில் 12 பிள்ளைகளை வைத்து வெளியான ஒரு கட்டுரையால் பரவியது. அந்தக் கட்டுரையை அதே மருத்துவ இதழ் 2010 இல் மீளப்பெற்றுவிட்டது. டென்மார்க்கில் 657,461 பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்து 2019 இல் வெளியிட்ட ஆய்விலும் அந்த ஊசிக்கும் ஓட்டிசத்துக்கும் தொடர்பு காணப்படவில்லை. சின்னத்தம்பிக்கும் பெரியதம்பிக்கும் ஒரே நாளில் ஊசி போட்டோம்.

பெரியதம்பிக்கு இப்போது ஐந்து வயது கடந்துவிட்டது. பேச்சுச் சிகிச்சையாளர் சொல்லித் தந்ததை மகள் வீட்டில் செய்கிறாள். கேள்வி மேல் கேள்வி கேட்காமல், அவன் உயரத்துக்குக் குந்தி, அவன் பார்க்கிற பொருளின் பெயரை ஒரு சொல்லில் சொல்லிவிட்டு, பத்து எண்ணும்வரை பேசாமல் காத்திருக்கவேண்டும். ஆசிரியையாக இருந்த எனக்கு அந்தப் பத்து எண்ணுவதுதான் பெரிய பாடு. படங்கள் ஒட்டிய ஒரு சின்னக் கொப்பி வைத்திருக்கிறான், வேண்டியதை அதில் தொட்டுக் காட்டுவான். சொற்களும் வருகின்றன. அடுத்த வருடம் பாடசாலைக்கு அனுப்பும் ஆயத்தத்தில் இருக்கிறோம்.

இந்த உதவி கிடைக்க நாங்கள் பட்ட அலைச்சல் கொஞ்சமல்ல. முதல் திகதிக்கு நாலு மாதம் காத்திருந்தோம். 2022 ஆனி ஆடியில் எண்ணெய் இல்லாமல் நாடே வரிசையில் நின்றபோது, சின்னத்தம்பியின் காதுக்குக் கிடைத்த இரண்டு திகதிகளைத் தவறவிட்டோம். வாவிக்கு மேற்குப் பக்கமான எங்கள் படுவான்கரையில் கூலிவேலை செய்யும் தாய்க்கு மட்டக்களப்புக்கு ஒருநாள் போய்வருவதென்றால் அன்றைய சம்பளமும் போய் பஸ்காசும் போகிறது. பேச்சுச் சிகிச்சை தமிழில் வேண்டும். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ கொடுத்த பயிற்சியைத் தாய் வீட்டுக்கு வந்து எப்படிச் செய்வாள்? களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் இந்தத் துறையில் பட்டப்படிப்பு இருக்கிறது. நம் பிள்ளைகள் உயர்தரம் முடித்து அதற்குப் போகவேண்டும், படித்து வருகிறவர்களை நம் ஆதார வைத்தியசாலைகளுக்கு அனுப்பவேண்டும். தடுப்பூசிக்காக 18 மாதத்தில் எப்படியும் கிளினிக்குக்கு வருகிறார்கள். அன்றைக்கே தமிழில் அச்சிட்ட அந்த 20 கேள்விகளை ஒவ்வொரு தாயிடமும் கேட்கச் சுகாதார அதிகாரிகள் ஒழுங்கு செய்யவேண்டும். நிறையை எழுதுவதுபோல இதையும் எழுதட்டும். அதற்குப் பெரிய செலவு இல்லை.

கல்முனைத் தாய்க்கு: மகளே, இரண்டு வயதில் ஐம்பது சொல்லும், இரண்டு சொல் சேர்த்துக் கதைப்பதும் இல்லையென்றால் காட்டவேண்டும், அவ்வளவுதான். அப்படிப் பிந்துகிற பிள்ளைகளில் பாதிக்கு மேல் பிறகு தாமாகவே பிடித்துவிடுகிறார்கள். உங்கள் மகனும் அப்படி இருக்கலாம். ஆனால் அவர்களில் எந்தப் பிள்ளை பிடிக்கும், எந்தப் பிள்ளைக்கு உதவி தேவை என்பதை மூன்று வயதுவரை வீட்டில் இருந்துகொண்டு யாராலும் சொல்லமுடியாது. சொன்ன சொற்களை விட்டுவிட்டான் என்றால் ஒரு நாளும் பிந்தாதீர்கள். முதலில் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் போங்கள், அவர் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு எழுதித் தருவார். செவிப் பரிசோதனைக்கும் பிள்ளை வைத்தியநிபுணருக்கும் ஒரே நேரத்தில் திகதி கேளுங்கள், ஒன்று முடியட்டும் என்று மற்றதைத் தள்ளிப்போடாதீர்கள். காத்திருக்கும் காலத்திலும் பேச்சுப் பயிற்சி தொடங்கலாம், எந்தக் காரணத்தால் பிந்தினாலும் அது நட்டம் இல்லை. போகும்போது கிளினிக் கொப்பியைக் கொண்டுபோங்கள். கைபேசியில் மூன்று நாலு சின்ன வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தனியே விளையாடும்போது ஒன்று, நீங்கள் பின்னால் நின்று பெயர் சொல்லும்போது ஒன்று, ஏதாவது வேண்டும் என்று கேட்கும்போது ஒன்று. புது இடத்தில் பிள்ளை அழுதுகொண்டே இருந்தாலும் வைத்தியர் அதைப் பார்ப்பார். எங்களிடம் அப்படி ஒரு வீடியோவும் இருக்கவில்லை, இரண்டாம் தரம் போகவேண்டி வந்தது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
மண்டூர்.